சீட்டை இறக்கிக்கொள்ளலாம்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலையாம். என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. கையில் போட்ட கட்டைப் பிரித்தாகிவிட்டது, மணிக்கட்டுதான் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. விட்டுவிட்டு எழுதுகிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். வீட்டில் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச்சு. நான் ஒன்று சொன்னால் ஹாலிலிருந்து அவர் அதற்கு ஒரு திருத்தம் சொல்வார். நீயும் அவர் சொன்னதற்குத்தான் பதில் சொல்வாய்.

வேலைக்குப் போய்வரவும் உடம்பைக் குறைக்கவும் ஒரு சைக்கிள் வாங்கப்போவதாகச் சொன்னாய். எதை எடுக்கலாம் என்று கேட்டாய். அதற்கு ஹாலிலிருந்து வந்த பதிலை மறந்துவிடு. நேரான கைப்பிடி வைத்த ரோடு பைக் எடு. ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த கைப்பிடி உனக்கு வேண்டாம். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் குனிகிற கழுத்து, ரோட்டிலும் குனிய வேண்டாம். முன்னால் ஸ்பிரிங் வைத்ததைக் காட்டுவார்கள். தார் ரோட்டுக்கு அது வெட்டிச் சுமை. டயர் ரொம்ப மெலிசாக இருக்கக் கூடாது. மழைக்கு டிஸ்க் பிரேக் நல்லது. கேரியரும் மட்கார்டும் மாட்ட இடம் இருக்கிறதா என்று குனிந்து பார். எல்லாவற்றையும்விட ஃபிரேம் உன் உயரத்துக்கு இருக்க வேண்டும். கடைக்குத் தனியாகப் போ.

நான் தனியாகப் போகவில்லை. கண் மருத்துவமனையில் நாள் பூராவும் இருட்டறையில் நின்று, மேலே பாருங்கள், கீழே பாருங்கள் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸிலும் நின்றுகொண்டே வருகிறவள் நான். பிரஷர் ஏறியிருக்கிறது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொன்னதும் சைக்கிள் ஆசை வந்தது. மாதக்கணக்கில் படித்தேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு, நானும் வருகிறேன், உன்னை ஏமாற்றிவிடுவார்கள் என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது அக்கா, பொய் சொல்ல மாட்டேன்.

கடையில் எனக்கு ஏற்ற ஒன்று இருந்தது. சாம்பல் நிறம். கடைத் தெருவிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். முதுகு நிமிர்ந்து, கை சும்மா கிடக்க, காற்று மாதிரி போனது. திரும்பி வருவதற்குள் அவரும் கடைக்காரருமாக இரண்டு ஆண்களும் பேசி முடித்திருந்தார்கள். அவர் ஒரு பெரிய ஃபிரேமைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ரெண்டு பேருக்கும் ஆகுற மாதிரி ஒண்ணா எடுத்துக்கலாம். சீட்டை இறக்கிக்கலாம்ல?" என்றார். "தாராளமா இறக்கிக்கலாம் சார்" என்றார் கடைக்காரர். சீட்டை இறக்கினால் ஃபிரேம் குட்டையாகாது, கைப்பிடி கிட்ட வராது என்று சொன்னேன். "மேடம் நிறைய படிச்சிருக்காங்க போலிருக்கு" என்று கடைக்காரர் சிரித்தார். அவரும் சிரித்தார். பெரியதுதான் வீட்டுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர்களோடு அவர் ஓட்டப் போவார். திங்கட்கிழமை நான் ஸ்பேனரை வைத்துக்கொண்டு சீட்டை இறக்குவேன். "என் அளவை ஏன் கலைக்கிற?" என்பார். சாப்பாட்டுப் பை வைக்க நான் மாட்டிய கேரியரைக் கழற்றி வைத்துவிட்டார். "பார்சல் கொடுக்கிறவன் வண்டி மாதிரி இருக்கு" என்று. மட்கார்டும் போயிற்று. மழை நாளில் முதுகில் சேற்றுக் கோடோடு போய் நின்றேன். வரவேற்பில் இருக்கும் பெண் தன் துப்பட்டாவைக் கொடுத்தாள். ஒருநாள் சின்னவள் கேட்டாள், "அப்பா சைக்கிளை நீ ஏம்மா எடுத்துட்டுப் போற?" அவளைக் கோபித்து என்ன பயன்?

கடைசியில் அவர் சீட்டை ஏற்றி, எனக்குத் திருக வராதபடி முடுக்கி வைத்துவிட்டார். ஸ்பேனரையும் காணோம். அன்று பஸ்ஸையும் விட்டிருந்தேன். சரி, ஒரு நாள்தானே என்று ஏறினேன். பெரிய சிக்னலில் நிறுத்தும்போது கால் தரைக்கு எட்டவில்லை. சைக்கிள் சாய்ந்தது, நானும் சாய்ந்தேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் கண் விழித்து ஓட்டுகிறவராக இருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இறங்கி வந்து என்னைத் தூக்கிவிட்டவரும் அவர்தான்.

இவர் ஆஸ்பத்திரிக்கு ஓடித்தான் வந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "சைக்கிள் எங்க?" என்றார். அதுதான் முதல் கேள்வி.

அதற்கப்புறம் அது ஒரு கதையாகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். "நின்னுட்டு இருந்த சைக்கிள்ல இருந்து விழுந்த ஒரே ஆள் என் பொண்டாட்டிதான்." காபி கொண்டுவந்து வைக்கும்போது நானும் சிரிக்க வேண்டியிருக்கிறது. உன்னிடமும் போனில் சொன்னார். நீயும் சிரித்தாய். உனக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவர் குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை. நல்ல மனுஷன் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். என்னைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது.

போன வாரம் கைப் பயிற்சிக்குப் போய்விட்டு வரும் வழியில் அந்தக் கடைக்குள் நுழைந்தேன். சாம்பல் நிறம் இன்னும் விற்கவில்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏறி நின்றேன். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "எதுக்கும் சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருங்க மேடம்" என்றார் கடைக்காரர். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. டீ குடிக்கிறீர்களா என்று கேட்கிற குரல்தான். கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அவரிடம் கேட்க எனக்கு ஒன்றுமே மிச்சமில்லை என்று தெரிந்தது. உன்னிடம்தான் இருக்கிறது.

சின்னவளுக்குப் பரீட்சை முடியப்போகிறது. உன் மாடியில் தையல் மெஷின் கிடக்கிற அறையில், மெஷினை ஓரமாகத் தள்ளினால் இரண்டு பேர் படுக்க இடம் வருமா? அத்தான் கேட்டால் லீவுக்கு வருகிறார்கள் என்று சொல். அந்தப் பக்கத்துக் கண் மருத்துவமனைகளில் ஆள் எடுக்கிறார்களா என்றும் சும்மா விசாரித்து வை. அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. அவள் உடனே அவருக்குப் போன் போட்டுச் சமாதானம் பேசுவாள்.

வீட்டு விலாசத்துக்குப் பதில் போடாதே. உறையின் பின்பக்கம் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி விலாசம் எழுதியிருக்கிறேன். நீயும் உன் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வா என்றாலும் சரி, வராதே என்றாலும் சரி, உன்மேல் எனக்குப் பாசம் குறையாது. ஆனால், கொஞ்சம் அனுசரித்துப் போ என்று மட்டும் எழுதிவிடாதே அக்கா.

உன் அன்புத் தங்கை