மூன்றாவது கத்தி

இல்லை அப்பா, உங்களைப் பற்றிச் சொல்லும் எண்ணத்தோடு நேற்று வகுப்புக்குள் நுழையவில்லை. திரையில் ஒரு படம் போட்டிருந்தேன். ஜெர்மானியத் தாய் ஒருத்தி, சுற்றிலும் பிள்ளைகள், கழுத்தில் பதக்கம். நிறையப் பிள்ளை பெற்றதற்காக அரசு கொடுத்தது.

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவிலான ஐரோப்பா. நான் நடத்தும் பாடம். இத்தாலியில் கல்யாணம் ஆகாத ஆண்களுக்கு வரி. ஜெர்மனியில் சிலருக்குப் பதக்கம். பிள்ளை பெறத் தகுதியில்லாதவர்கள் என்று அரசு முடிவுகட்டியவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை.

எம்.ஏ.வில் இதை முதன்முதலாகப் படித்த வாரம், ஒத்தக்கடையில் நம் டயர்கடைக்கு வந்தேன். தங்கச்சி பிறந்த பிறகு நீங்கள் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டது தெரியும்.

"உங்கள யாராச்சும் மிரட்டிப் பண்ண வச்சாங்களாப்பா?"

டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நிமிரவில்லை.

"மிரட்டவா? நிசமாத்தான் வந்திருக்கியான்னு டாக்டரே ரெண்டு தடவ கேட்டாரு. உங்கம்மாவுக்கு ரெண்டு பிரசவமும் வயித்தக் கிழிச்சுத்தான். மூணாவது கத்தி என் முறை."

ஆபரேஷன் நடந்த சமயத்தில் பெரியப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ரெண்டும் பொட்டப்பிள்ள. ஒரு பயலுக்குப் பாக்காம இப்படிப் பண்ணிட்டியேடா. யாராச்சும் கேட்டா, அவளுக்குத்தான் பண்ணுனாங்கன்னு சொல்லு."

வீடே அப்படித்தான் சொன்னது. நீங்கள் மட்டும் டீக்கடையில் வைத்து உள்ளதைச் சொன்னீர்கள். பக்கத்தில் பன் தின்றுகொண்டிருந்தேன், ஒன்றும் புரியாத வயது.

"மாப்ள, இனி வண்டி ஓடுமா?" என்றார் ஒருவர்.

"நல்லாவே ஓடும் மாப்ள. லக்கேஜ் மட்டும் ஏத்துறதில்ல."

கடை முழுக்கச் சிரிப்பு. உங்களோடு சேர்ந்து அல்ல, உங்களைப் பார்த்து. அது பல வருஷம் ஓயவில்லை. நீங்களும் சொன்னதை மாற்றவில்லை.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்தில் பெரியப்பா என்னைத் தனியே அழைத்தார். "இனிமேலாச்சும் அம்மாவுக்குத்தான்னு சொல்லு தாயி. போனவனுக்கு மரியாத இருக்கட்டும்."

நான் பந்திக்கு இலை போடப் போய்விட்டேன்.

நேற்றைய வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். "மேம், ஆம்பளைங்க யாராச்சும் தானாப் போய் இந்த ஆபரேஷனப் பண்ணிக்குவாங்களா?"

பின்வரிசை சிரித்தது. அதே சிரிப்பு.

"எங்கப்பா பண்ணிக்கிட்டாரு. யாரும் கூப்பிடாம. எங்கம்மாவுக்காக."

சிரிப்பு நின்றது. எனக்கு, அப்பா, நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

எந்த நாட்டுச் சட்டத்தைப் படித்தாலும் உங்களை வைத்தே அளக்கிறேன். அந்த உடம்புக்கு உரியவரிடம் சம்மதம் கேட்டார்களா, இல்லையா. அந்த ஒரு அளவுகோல்தான் என் கையில் இருப்பது.

மணி அடித்ததும் வராந்தாவில் நின்று பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். வகுப்பில் சொல்லிவிட்டேன், இனியும் சொல்வேன் என்றேன்.