மலையை எதிர்வழியில் ஓடிய அணி

திருவண்ணாமலை
13.2.79

அன்புள்ள சரோஜாவுக்கு,

நீயும் அத்தையும் சுகந்தானே? நானும் தருமனும் சுகம். அவன் கல்லூரிக்கு வந்திருக்கும் புதுக் கால்பந்து மாஸ்டர் வெளியூர்க்காரர். எல்லோரும் வலம் வரும் மலையை, பயிற்சி என்று எதிர்வழியில் ஓடவிட்டார். அடி அண்ணாமலையில் ஒரு அம்மா, "ஏறுமாறா சுத்தறீங்களேடா, உருப்படுவீங்களா?"னு விளக்குமாற்றோடு வந்ததும் பையன்கள் சிதறி ஓடினார்கள். நம்மவனுக்குக் கால் லேசாகப் பிசகியது. பயப்படாதே.

இந்த வருஷம் அவர்கள் அணி ஒரு ஆட்டமும் ஜெயிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். "தோத்தா மாஸ்டர அனுப்பிடுவாங்கப்பா, கட்டு கட்டிக்கினாவது ஆடறேன்" என்கிறான். எனக்குக் கடையில் உட்கார முடியவில்லை. நேற்றுப் பௌர்ணமிக் கூட்டம். கற்பூர வியாபாரத்தை விட்டுவிட்டு நானே ஒரு சுற்று வலம் வந்தேன்.

நீ காய்ச்சும் நொச்சித் தைலம் வேண்டும். பஸ்ஸில் கொடுத்தனுப்பினால் உடைந்துவிடும். நீயே எடுத்துக்கொண்டு வா.

தபால் எடுக்க வந்துவிட்டான்.

சக்கரவர்த்தி