நண்டு மேகம்

சிதம்பரம்
15-9-1965

அன்பு மச்சானுக்கு அஸ்மத் சலாம் சொல்லி எழுதுவது. நானும் வயிற்றுப் பிள்ளையும் சுகம். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நம் போட்டோ ஸ்டூடியோவின் படங்களுக்குச் சட்டம் போடுகிற உத்திராபதி இங்கே வாப்பா வீட்டுக்கு வந்திருந்தார். "தங்கச்சி, உன் ஊட்டுக்காரரு மொட்ட மாடியில குழாய வச்சிக்கினு கப்பலுக்கு செவப்பு வெளக்கு காட்டுறாருன்னு தெருவே பேசுது. பாகிஸ்தான் சண்ட நேரம். பாய் ஊடு வேற…" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அவர் சொல்லாமல் விட்டதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. மாடிக்கு ஏறாதீர்கள்.

அஸ்மத்

கடலூர் முதுநகர்
20-9-1965

அன்புள்ள அஸ்மத்துக்கு,

படித்துச் சிரித்தேன். கப்பல் கடலில் இருக்கிறது. நான் பார்ப்பது தலைக்கு மேலே. ஆயிரம் வருஷத்துக்கு முன் வெடித்த ஒரு நட்சத்திரத்தின் புகை அது. நண்டு என்று பெயர். தொலைநோக்கிக்காக மூன்று வருஷம் நான் தேய்த்த கண்ணாடியில் அது விழுகிறதா என்று பார்க்க வேண்டாமா? போட்டோ பிளேட்டைப் பாழாக்காத வெளிச்சம் என்பதால்தான் சிவப்பு விளக்கு.

ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. முந்தாநாள் விடியற்காலை எதிர்ச் சந்தில் ஒரு சுருட்டு நெருப்பு தெரிந்தது. நான் இறங்கும்வரை அது நகரவில்லை.

அமாவாசையன்று ஒரே ஒரு படம். பிறகு ஏறமாட்டேன்.

கிபாயத்துல்லா

சிதம்பரம்
27-9-1965

மச்சானுக்கு,

சண்டை நின்றுவிட்டதென்று ரேடியோ சொல்கிறது. ஆனால் நேற்று வாப்பாவின் கடைக்கு ஒரு போலீஸ்காரர் வந்து, "உம்ம மருமவன் ராத்திரில என்னா பண்றாரு?" என்று கேட்டுவிட்டுப் போனார். வாப்பா அப்போதே கடையைச் சாத்திவிட்டார்கள்.

இன்று காலை என் சாவியைக் கொடுத்துத் தம்பி ரஃபியுதீனை அனுப்பினேன். நீங்கள் ஸ்டூடியோவில் இருக்கும்போது குழாயையும் கண்ணாடியையும் எடுத்து உப்பனாற்றில் போட்டுவிடச் சொன்னேன். எனக்கு நட்சத்திரம் வேண்டாம். பிள்ளைக்கு வாப்பா வேண்டும். திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டுங்கள்.

அஸ்மத்

கடலூர் முதுநகர்
1-10-1965

அஸ்மத்துக்கு,

வெறும் மாடியைப் பார்த்ததும் உன் மேல் எவ்வளவு கோபம் வந்தது என்று எழுதமாட்டேன்.

புதன்கிழமை போலீஸ் வந்தது. மாடியில் காயப்போட்ட கைலி தவிர ஒன்றுமில்லை. இருட்டறையில் மட்டும் அமாவாசையன்று எடுத்த பிளேட் இருந்தது. நண்டு விழுந்திருந்தது, அஸ்மத்! நகத்தளவுதான், கலைந்த புகை போல.

அதிகாரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இது இன்னாய்யா?"

நான் சொன்னேன், "கெட்டுப்போன பிளேட்டு சார். தண்ணிக் கறை."

"அப்பறம் எதுக்கு வச்சிருக்க?"

கையை நீட்டி வாங்கி, அவர் கண்ணெதிரே தரையில் அடித்து உடைத்தேன். அவர் உடைக்கச் சொல்லவே இல்லை.

உன் மேலிருந்த கோபத்தை அதற்குப் பிறகு தேடிப் பார்த்தேன், காணவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். ரஃபியுதீனிடம் எங்கேயும் ஒளிந்துகொள்ள வேண்டாமென்று சொல்.

கிபாயத்துல்லா