முள் என்னிடம் இருந்தது

என் கோபத்துக்கும் பாசத்துக்கும் உரிய மரகதக்காவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உங்கள் படத்துக்கு மாலை வாங்கிப் போடச் சொல்லி மணியண்ணன் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நான் போடவில்லை. எனக்கு உங்கள் மேல் அவ்வளவு ஆத்திரம். ஊருக்கே தெரியட்டும் என்றுதான் இதை நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் இங்கத்திய சேதி. சனி, ஞாயிறு வந்தால் ஏற்காடு கடைவீதியில் கால் வைக்க முடிவதில்லை. என் தையல் கடை வாசலை அடைத்துக் காரை நிறுத்திவிட்டு ஏரியில் படகு விடப் போய்விடுகிறார்கள். மணியண்ணனுக்கு மூட்டு வலி. ஆனாலும் ஜீப் ஓட்டுவதை விடமாட்டேன் என்கிறார். நாகலூரில் உங்கள் வீடு இப்போது ஹோம் ஸ்டே. உங்கள் மகன் பிரபு சேலத்து வேலையை விட்டுவிட்டு வந்து நடத்துகிறான். வாசலெல்லாம் கலர் பல்பு, காபித் தோட்டத்தைப் பார்த்து ஓர் ஊஞ்சல்.

அதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். நம் இசைத்தட்டுகளை ஆணியடித்துச் சுவரில் மாட்டியிருக்கிறான் என்று மணியண்ணன் வந்து சொன்னார் பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அவை உங்கள் ஒருத்தியுடையவையா அக்கா? ஞாயிறு சாயங்காலம் நானும் மணியண்ணனும் ஆளுக்கொரு தட்டு கொண்டுவந்து, உங்களோடு மூன்று பேருமாக உட்கார்ந்து கேட்டுவிட்டு, உங்கள் அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போவோம். இந்த மலைப் பனிக்கு எங்கள் வீட்டில் வைத்தால் பூசணம் பிடித்துவிடும். உங்கள் அலமாரிக்குள்தான் நாள் முழுக்க ஒரு குண்டு பல்பு எரியும். ரவிக்கைத் துணி மிச்சத்தில் எல்லாத் தட்டுக்கும் நான் உறை தைத்தேன். பேர் போட்டுவிடட்டுமா என்று கேட்டதற்கு, "பேரு எதுக்கு கண்ணு? எல்லாம் நம்ம மூணு பேருதுதானே?" என்றீர்கள். நல்லா இருந்தது உங்கள் நியாயம்.

இசைத்தட்டு பிளேயரின் முள் விஷயமும் உங்கள் ஏற்பாடுதான். மாமா போன பிறகு நீங்கள் ஒரே தட்டைக் காலையிலிருந்து போட்டுக்கொண்டு, அடுப்புக்கூடப் பற்றவைக்காமல் கிடந்தீர்கள். ஒரு ஞாயிறு நீங்களே பிளேயரிலிருந்து முள்ளைக் கழற்றி என் கையில் வைத்தீர்கள்.

"இதை நீ ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிரு கண்ணு. இங்க இருந்தா நான் நொம்பக் கெட்டுப் போயிருவேன். ஞாயித்துக்கெழம கொண்டா, எல்லாருமாக் கேப்போம்."

அன்றிலிருந்து ஒரு வாரம் என் வீட்டில், ஒரு வாரம் மணியண்ணன் வீட்டில். அவர் வெற்றிலைப் பெட்டியில் வைத்திருப்பார், நான் பொத்தான் டப்பாவில். முள் வந்தால்தான் பாட்டு. ஆள் சேராமல் நீங்கள்கூடக் கேட்க முடியாது.

சரி, சுவருக்கு வருகிறேன். மணியண்ணன் சொன்ன மறுநாள், புதன்கிழமை, கடையைப் பூட்டிவிட்டு நாகலூர் பஸ் ஏறினேன். கூடத்துச் சுவரில் நடுவாக என் அப்பாவின் தட்டு தொங்கியது. அப்பா அதில் தவில் வாசித்திருக்கிறார். தட்டில் நாகசுரக்காரர் பேர் மட்டும்தான் இருக்கும், அவர் பேர் இருக்காது. அதனால் ஓர் ஆயுத பூஜை அன்று லேபிளில் தானே ஒரு குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டார். அந்தப் பொட்டு எனக்கு வாசலில் நிற்கும்போதே தெரிந்தது. அப்பா என்று சொல்லிக் கேட்க என்னிடம் இருப்பது அந்தச் சத்தம் ஒன்றுதான்.

"ஏம்ப்பா பிரபு, ஆணியடிக்க உனக்கு வேற ஒண்ணும் கெடைக்கலையா?"

"நடு ஓட்டையிலதான் மாட்டியிருக்கேனுங்க சித்தி. தட்டுக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

"எங்கப்பா தட்டைக் கழட்டிக் குடு. நான் போறேன்."

"வேற எது வேணும்னாலும் எடுத்துட்டுப் போங்க சித்தி. அதை மட்டும் கேக்காதீங்க."

அவ்வளவுதான், எனக்கு வாய் நிற்கவில்லை. நீயெல்லாம் அந்த அக்கா வயித்துல பொறந்தவனா என்பது வரைக்கும் போய்விட்டேன். காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு ஜோடி கோப்பையோடு எழுந்து வெளியே போனது. அவனும் கத்தினான்.

"அம்மா கடைசியில அதைத்தான் மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க! செல்வி அப்பா தவிலைக் கேக்கணும், போடு போடுன்னாங்க. பாத்தா பொட்டியில முள்ளு இல்ல. யாருகிட்டன்னு கேட்டா சொல்லல. ஞாயித்துக்கெழம வரும், ஞாயித்துக்கெழம வரும்னே சொல்லிட்டு இருந்தாங்க. வந்துச்சா சித்தி?"



அந்த வாரம் முள் என்னிடம் இருந்தது அக்கா. போனில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "கொஞ்சம் சளி கண்ணு, இந்த வாரம் வேண்டாம்." அடுத்த வாரமும் அதேதான், கை மாறாமல் முள் என்னிடமே கிடந்தது. நான் நம்பினேன். நீங்கள் சொன்னால் நம்பாமல் என்ன செய்வேன்?

உனக்கு அப்படி என்னக்கா வீம்பு? 'செல்வி, முள்ளை எடுத்துட்டு வா' என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயா வெந்துவிடும்? பஸ் இல்லாவிட்டால் மழையில் நனைந்துகொண்டே ஓடி வந்திருக்க மாட்டேனா? நீ போட்ட கட்டுப்பாடுதானே, நீயே மீறினால் யார் கேட்கப்போகிறார்கள்? என் அப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவர் சத்தம் கேட்காமலே போய்ச் சேர்ந்தாயே. நான் இனி அந்தப் பொத்தான் டப்பாவை எப்படித் திறப்பது?

நீங்கள் போன நாளிலிருந்து முள் என் பர்ஸிலேயே கிடக்கிறது. பிளேயர் மேல் பிரபு ஒரு பெரணிச் செடித் தொட்டி வைத்திருந்தான். அதை இறக்கித் தரையில் வைத்தேன். முள்ளை மாட்டினேன். அவன் தட்டை ஆணியிலிருந்து எடுத்து, சட்டை முனையால் துடைத்துக் கொடுத்தான். முதலில் நாகசுரம். கொஞ்ச நேரம் கழித்துத் தவில் எழுந்தது.

"இதுதானுங்களா சித்தி?"

"இதுதான் சாமி."

இரண்டு பக்கமும் கேட்டோம். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். வெளியே போன ஜோடி ஜன்னல் பக்கம் வந்து நின்றது. மற்ற தட்டுகளையும் இறக்கிவிடுகிறானாம். பழைய உறைகளைக் காணோமாம், புதிதாகத் தைத்துத் தரச் சொன்னான். அளவு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அப்பாவின் தட்டை உங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டேன். முள்ளையும் கழற்றவில்லை. இனிமேல் அது யார் வீட்டுக்கும் போகாது அக்கா, இது உங்கள் மேல் சத்தியம். எந்தக் கிழமையாக இருந்தால் என்ன, ஒண்டியாகக் கிடப்பவர்கள் சோறு தண்ணி இல்லாமல் அழுதுகொண்டே கேட்பதென்றாலும் கேட்டுக்கொள்ளட்டும். அப்படியாவது கேட்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் படத்துக்கு மாலை வாங்கிக்கொண்டு வருகிறேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் கூப்பிட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய தங்கச்சி,
செல்வி