இறங்க வேண்டிய மாடி

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். நானும் இருக்கிறேன். நலம் என்று எழுத வேண்டிய இடத்தில் கை அப்படி எழுதிவிட்டது. அடித்துத் திருத்தாமல் விட்டுவிட்டேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ பேசுவாய், நான் ம் கொட்டுவேன். வைத்த பிறகுதான் சொல்ல நினைத்தது எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். நீ எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தது சும்மாவா? தையல் கடையில் மாஸ்டர் சாப்பிடப் போயிருக்கிறார். வெட்டும் மேசையில் துணியை ஒதுக்கி இடம் பண்ணிக்கொண்டு எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்ற கை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அடுத்த வாரம் நீ வரும்போது கேமராவைக் கொண்டுவராதே. அப்பா உன் பதிவைப் படிப்பது போல் படம் எடுக்க வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் மீதிக் கடிதம்.

வலைப்பதிவுப் போட்டிப் பட்டியலில் மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டேன் என்று நீ சொன்ன அன்று எனக்கும் சந்தோஷம்தான். நாடு முழுக்க இளம் வலைப்பதிவர்கள் பத்துப் பேர், அதில் எங்கள் அக்கா. எதை வைத்து வரிசைப்படுத்துகிறார்கள் என்று பொறுமையாக விளக்கினாய். எத்தனை பேர் வந்தார்கள், வந்தவர்கள் எவ்வளவு நேரம் தங்கினார்கள், எத்தனை பின்னூட்டம், எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்பினார்கள். முதலிடத்தில் இருப்பவன் செல்போன்களைப் பற்றி எழுதுகிறான், இரண்டாமிடத்துப் பெண் ஊர் ஊராகப் போகிறாள் என்றாய். "அவங்ககிட்ட அப்பா இல்லடி" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் ம் என்றேன். அந்த ம் இத்தனை நாளாகத் தொண்டையிலேயே நிற்கிறது.

உன் முதல் பதிவு ஞாபகம் இருக்கிறதா? நம் மாடி வராந்தாவில் மூடினாலும் ஒழுகும் குழாயைப் பற்றி எழுதினாய். அதற்காக எதிர்வீட்டு அத்தையும் மூலைவீட்டு மாமாவும் போட்ட சண்டையை அப்படியே எழுதினாய். நான் படிக்கப் படிக்க அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. அம்மா தண்ணீர் கொடுத்து முதுகில் தட்டினாள். மறுநாள் நீ போன் பண்ணி, மொத்தம் பதினொரு பேர்தான் பார்த்திருக்கிறார்கள் என்று அழுதாய். அதில் ஒன்பது நானும் அப்பாவும் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தது.

அன்றைக்குத்தான் அப்பா முடிவு பண்ணினார். தான் இயக்கும் ஆபீஸ் கட்டட லிப்டில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் சொல்ல ஆரம்பித்தார். "எம் பொண்ணு எழுதறா சார், ஒரு தடவ தொறந்து பாருங்க. நம்பர் ஏறணுமாம்." ஒன்பது மாடி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஆபீஸ். உனக்கு முதன்முதலில் கூட்டம் சேர்ந்தது எப்படி என்று ஒரு பேட்டியில் கேட்டார்களே, தானாகவே சேர்ந்தது என்று சொன்னாய். தானாகச் சேரவில்லை அக்கா. அப்பா மாடி மாடியாக ஏற்றி இறக்கிச் சேர்த்தார்.

அப்புறம் அது போதவில்லை. நாலாவது மாடி டைப்பிஸ்ட் அம்மாவிடம் சொல்லி உன் புதுப் பதிவைத் தாளில் எடுத்து, லிப்டுக்குள் பட்டனுக்கு மேலே டேப் போட்டு ஒட்டுவார். பழையதைக் கிழிக்காமல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதுக்காகக் காக்கா லிப்ட் முழுக்கவா ஒட்டும்?" என்று அம்மா கேலி பண்ணுவாள். ஒட்டுவதற்கு முன்னால் நான் ஒருமுறை அவருக்குப் படித்துக் காட்டுவது வழக்கம்.

நீ அப்பாவைப் பற்றி எழுதிய வாரம் எங்களுக்குப் பள்ளிச் சீருடை சீசன். சட்டைகள் மலை மாதிரி. காஜா எடுத்துப் பட்டன் வைத்து நான் வீடு வரும்போது அப்பா தூங்கியிருப்பார். உன் புதுப் பதிவு வந்திருக்கிறது என்று யாரோ லிப்டில் சொன்னார்களாம். எனக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லை. தாளில் எடுத்து ஒட்டிவிட்டார். டைப்பிஸ்ட் அம்மா படிக்காமல் எடுத்துக் கொடுத்தாரா, படித்தும் சொல்ல வாய் வரவில்லையா, தெரியாது.

"என் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது" என்று பெரிய எழுத்தில் தலைப்பு. அதற்குக் கீழே அப்பா. அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால் தலைக்கு நேர் மேலே அந்தத் தாள்.

திங்கட்கிழமை ஒட்டினார். அன்று சாயங்காலம் அம்மாவிடம் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார் தெரியுமா? "இன்னிக்கு ஒருத்தர்கூடப் போனைப் பார்க்கல. எல்லாரும் படிக்கறாங்க. ஆறாவது மாடி மேடம் எறங்க வேண்டிய மாடிய விட்டுட்டு ஒம்பது வரைக்கும் வந்துட்டாங்கன்னா பார்த்துக்கோயேன். முடிச்சுட்டுத்தான் எறங்கினாங்க. என் கையப் பிடிச்சாங்க." அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

எவ்வளவு நேரம் தங்கினார்கள் என்று உன் பட்டியலில் ஒரு கணக்கு இருக்கிறதே, அதில் அந்த மேடத்தை எங்கே சேர்ப்பார்கள்?

புதன்கிழமை மாடி கூட்டுகிற அக்கா லிப்டைத் துடைக்கும்போது எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார். தாளை மெதுவாகப் பிரித்தெடுத்து நாலாக மடித்து அப்பா சட்டைப் பையில் வைத்து, "வீட்டுக்குக் கொண்டுபோங்கண்ணே, இனிமே ஒட்டாதீங்க" என்றாராம். ஏன் என்று அப்பா கேட்டதற்கு அந்த அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கிப் போய்விட்டார்.

அன்று நான் வரும்வரை அப்பா யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். தாளை நீட்டினார். தலைப்பைப் பார்த்தேன். வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ எழுதியிருக்கறத எழுதியிருக்கற மாதிரியே படி. நடுவுல முழுங்காத" என்றார்.

படித்தேன். காலையில் அவர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, கண்ணாடி சரியில்லை, என்ன போட்டிருக்கான் சொல்லு என்று உன்னிடம் கேட்பதை. அந்தக் கண்ணாடியில் பவரே கிடையாது என்பதை. பள்ளிக்கூடத்தில் உன் மதிப்பெண் அட்டையைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, சிவப்பு மை இல்லை என்பதால் உன்னைத் தட்டிக்கொடுத்ததை. கையெழுத்துப் போடச் சொன்னால் அவர் தன் பெயரை எழுதுவதில்லை, வரைகிறார் என்பதை.

பொய் ஒரு வரிகூட இல்லை. நீ எழுதியதிலேயே அதுதான் நன்றாக இருக்கிறது. படிக்கும்போது நானே அழுதேன். எனக்கு உன்மேல் கோபம் வராததற்குக் காரணம் அது. கோபம் வந்ததற்கும் காரணம் அதுதான்.

முடித்ததும் அப்பா, "எத்தன பேரு பார்த்திருக்காங்க?" என்று கேட்டார். லட்சத்தைத் தாண்டிவிட்டது என்றேன். "நல்லா வந்திருக்குல்ல?" என்றார். ஆமாம் என்றேன். எழுந்து போய் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். அம்மா குழாயைப் போய் மூடினாள்.

இதுவரைக்கும் உனக்குப் பாதி தெரிந்திருக்கும். இனிமேல் எழுதுவதைச் சொல்லக்கூடாது என்று அப்பா என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். போட்டி முடியட்டும், அவ மனசு கலங்கக்கூடாது என்றார். சத்தியத்தை மீறுகிறேன். என் தலைக்கு எது வந்தாலும் வரட்டும்.

அப்பா இப்போது லிப்டில் இல்லை.

உன் பதிவு பரவியதும் கட்டட மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். திட்டவில்லை. உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தாராம். நானும் படித்தேன், கண் கலங்கிவிட்டது என்றாராம். லிப்டுக்குள் ஏதாவது ஆபத்து என்றால் அறிவிப்பைப் படித்து நடக்க வேண்டியவர் நீங்கள், நாளைக்கு ஒன்று நடந்தால் என்னைத்தான் கேட்பார்கள் என்று சொல்லி, அவரை அடித்தளத்துக்கு அனுப்பிவிட்டார். கார் நிறுத்தும் இடத்தில் கம்பியைத் தூக்கி இறக்குகிற வேலை. அங்கே ஜன்னல் கிடையாது. புகை போக வழி இல்லை. சாயங்காலம் துப்பினால் கறுப்பாக வருகிறது. போனில் கேட்கிற இருமலுக்குத் தூசி என்று அவர் சொன்ன காரணம் பொய்.

லிப்டில் இப்போது ஒரு பெண் குரல் வைத்திருக்கிறார்கள். கதவு திறக்கிறது, கதவு மூடுகிறது என்று சொல்லுமாம். "அவளுக்கு மட்டும் படிக்கத் தெரியுமா? பேசத்தானே தெரியும்" என்று அம்மா சொன்னாள். நம் வீட்டில் கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான். அப்பா சிரிக்கவில்லை.

முன்பு கட்டடத்தில் எல்லாரும் அவரைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். இப்போது காரில் போகிறவர்கள் கண்ணாடியை இறக்கி, "நீங்கதானே அந்த அப்பா?" என்று கேட்கிறார்களாம். சிலர் அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான். உன் பின்னூட்டத்தில் வணக்கம் சொல்கிறவர்கள் மாதிரித்தான்.

இந்த நேரத்தில்தான் உன் பார்சல். பெரிய எழுத்துப் போட்ட குழந்தைப் புத்தகம். நீ அவருக்குச் சொல்லிக் கொடு, நான் வரும்போது அப்பா என் பதிவைத் தானே படிக்க வேண்டும், அதைப் படம் எடுத்துப் போட்டால் முதலிடம் நிச்சயம் என்று போனில் சொன்னாய். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "புள்ளைக்கு உபயோகம்னா எடுத்துக்கட்டும்" என்றார்.

நாலு நாள் முயன்று பார்த்தோம். கீழே இருட்டில் நின்றுவிட்டு வருகிற கண்ணுக்கு எழுத்து நிற்கவில்லை. ஐந்தாம் நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, உன் பதிவின் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். "முதல் பத்தியை மட்டும் நீ சொல்லிக்கிட்டே இரு. நான் பிடிச்சுக்கறேன்" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை.

அப்பா அதை மனப்பாடம் பண்ணுகிறார் அக்கா. தினமும் வேலை முடிந்து வந்து, நான் ஒரு வரி சொல்ல, அவர் ஒரு வரி சொல்கிறார். "என் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் பிறந்ததிலிருந்து அவர் எங்கள் முன்னால் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்." இதை அவர் குரலில் கேட்டுப் பார். வரி முடிகிற இடம் தெரிவதற்காக ஓரத்தில் நகத்தால் கீறி வைத்திருக்கிறார். கண்ணை எப்போது இடமிருந்து வலம் நகர்த்த வேண்டும் என்று என்னிடம் கேட்டார். நேற்று அந்தப் பவர் இல்லாத கண்ணாடியைத் துடைத்து எடுத்து வைத்தார்.

அவர் படிக்கப் போவதில்லை. படிப்பது போல் நடிக்கப் போகிறார். நீ எழுதியிருக்கிறாயே, அதையேதான் உனக்காக இன்னொரு தடவை செய்யப் போகிறார். அதை லட்சம் பேர் பார்த்து, அழுது, அடுத்தவருக்கு அனுப்பி, உன்னை முதலிடத்தில் வைப்பார்கள். அப்புறம் யாராவது ஒருத்தர், வேறு ஒரு தாளை நீட்டி இதைப் படியுங்கள் பார்ப்போம் என்று கேட்பார். கம்பிக்குப் பக்கத்தில் காரை நிறுத்தியே கேட்பார். அப்போது பக்கத்தில் நீயும் இருக்கமாட்டாய், நானும் இருக்கமாட்டேன்.

இதைப் படிக்கும்போதே உனக்குள் ஒரு தலைப்பு தோன்றியிருக்கும். உன்னை எனக்குத் தெரியும். அதை எழுதாதே. மூன்றாவது இடத்திலேயே இரு, பத்தாவது இடத்துக்குப் போ, பட்டியலிலேயே இல்லாமல் போ. கை வீசிக்கொண்டு வா. வந்து அந்தக் குழாய்ச் சண்டையை நீயே உன் வாயால் அப்பாவுக்குப் படித்துக் காட்டு. அவருக்கு விக்கல் வந்தால் எனக்கு அது போதும்.

மாஸ்டர் வந்துவிட்டதால் பாதியில் மடித்து வைத்து, மீதியை வீட்டில் எழுதுகிறேன். யாருக்கு என்று அப்பா கேட்டார். அக்காவுக்கு என்றேன். "நான் நல்லாப் படிச்சுட்டு வர்றேன்னு எழுது. முதல் எடம் வரணும், அப்பா ஆசீர்வாதம்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். அப்புறம் அவரே பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு மூச்சு நிறுத்தி, கீழே கையெழுத்துப் போட்டார். மேலே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

என் பெயருக்குக் கீழே இருப்பது அவர் வரைந்தது. மை கொஞ்சம் கலைந்திருக்கிறது, விரலால் தொட்டுவிட்டார். அதைப் படம் எடுத்து எங்கும் போட்டுவிடாதே அக்கா. நீ மட்டும் பார்.

இப்படிக்கு,
உன் ஊமைக்கோட்டான்