வெள்ளிக்கிழமை ஓட்டு

அன்புள்ள வாயாடிக்கு,

நீயும் மகளும் வீட்டுக்காரரும் நலமா? கூரியரில் கடிதமா என்று சிரிக்காதே. உன் போனை எப்போது அடித்தாலும் அவர்தான் எடுக்கிறார். தூங்குகிறாள், குளிக்கிறாள், பிள்ளைக்கு ஊட்டுகிறாள் என்கிறார். நானும் எத்தனை தடவைதான் அசடு வழிவது?

விஷயத்துக்கு வருகிறேன். என்னைத் தலைமைப் பொறுப்பிலிருந்து தூக்கப் போகிறார்கள். நாம் இரண்டு பேரும் ராப்பகல் பார்க்காமல் உருவாக்கிய வாசிப்புச் செயலி இன்னொருத்தன் கைக்குப் போகப்போகிறது. வெள்ளிக்கிழமை ஓட்டெடுப்பு.

காரணம் கேட்டால் வயிறு எரியும். பிள்ளைகள் செயலியில் இருக்கும் நேரம் குறைந்துவிட்டதாம். குறையாதா பின்னே? பாடம் முடிந்ததும் "போய் விளையாடு" என்று சொல்லித் திரை அணையும்படி செய்ததே நாம்தானே! பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்க் கடைசி பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, எந்த எழுத்தில் பிள்ளையின் விரல் தயங்குகிறது என்று பார்த்துப் பார்த்துப் பாடத்தைச் சுருக்கினோமே. அதைத்தான் நம் கம்பெனிக்குப் பணம் போட்ட முதலீட்டாளர் தோல்வி என்கிறார். அவர் கொண்டுவரும் ஆள் விளையாட்டுச் செயலி நடத்தியவன். பிள்ளைகளைத் திரையை விட்டு எழவிடாமல் செய்வதில் கெட்டிக்காரனாம். வகுப்பறை வாசலை மிதித்ததில்லை.

கூட்டத்தில் வாசிப்புத் தேர்வு முடிவுகளைக் காட்டினேன். எத்தனை பிள்ளைகள் தாங்களாகவே படிக்கிறார்கள் பாருங்கள் என்றேன். "நீங்க நல்ல டீச்சர் மேடம், ஆனா கம்பெனி நடத்துறது வேற" என்றார் முதலீட்டாளர், சிரித்துக்கொண்டே. எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்து தொலைந்தது. "இதுக்குத்தான் சொன்னேன்" என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தாராம். போன கூட்டத்தில் மேசையைத் தட்டிக் காபிக் கோப்பையை உடைத்தவர் இதே முதலீட்டாளர்தான். அப்போது யாரும் மூச்சு விடவில்லை.

நம் படம் வரைகிற பெண், "அக்கா, நீங்க போயிட்டா எங்களையும் அனுப்பிடுவாங்களா?" என்று கேட்டாள். புதுப் பாடத்துக்கு வரைந்த படத்தைக் காட்டு என்று பேச்சை மாற்றினேன்.

இருப்பது மூன்று ஓட்டு. முதலீட்டாளருடையது, என்னுடையது, உன்னுடையது. பிரசவத்துக்குப் பிறகு ஊர் மாறியபோது உனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் உரிமையை வீட்டுக்காரரிடம் கொடுத்தாயே, அவர் புது ஆளுக்குச் சம்மதம் சொல்லிவிட்டார். "அவளுக்கு எதுக்குங்க இந்தத் தலைவலி, நான் பாத்துக்கிறேன்" என்றார். நல்ல மனிதர்தான், உன்மேல் உயிரையே வைத்திருக்கிறார். ஆனால் உன்னை ஒரு வார்த்தை கேட்டாரா? அது தெரியாமல்தான் எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. நீயும் சரி என்று தலையாட்டியிருந்தால்? ஐயோ, அதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

அந்த உரிமையை நீ எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்கிறார் நம் கம்பெனி வக்கீலம்மா. உறையில் இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு, அதைப் படம் எடுத்து வியாழனுக்குள் வக்கீலம்மாவுக்கு அனுப்பினால் போதும்.

எனக்குப் போடு என்று கேட்கவில்லை. புது ஆள்தான் சரி என்று தோன்றினால் அவனுக்கே போடு. ஆனால் நீயே போடு. நான் வருத்தப்பட மாட்டேன்.

உன் மகள் நோய்நொடி இல்லாமல் நன்றாக வளரட்டும்.

இப்படிக்கு,
உன் சிடுமூஞ்சி

பி.கு: வருத்தப்பட மாட்டேன் என்றது பொய். எனக்கே போடுடி. உன் காலில் விழுகிறேன்.