நாற்பத்திரண்டு என்றால் நில்

அண்ணை,

அடையாள அட்டை புதுப்பிக்க இன்று காலை நகராட்சி அலுவலகத்துக்கு வந்து வரிசைச் சீட்டு எடுத்தேன்; காத்திருந்தபடியே இதை எழுதுகிறேன். இலக்கம் நாற்பத்திரண்டு. பார்த்ததும் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஜேர்மன் அம்மா கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். வுப்பர்டாலில் காலை எட்டு மணிக்குத் தனியாகச் சிரிப்பவனை வேறு எப்படி நடத்துவார்கள்!

ஏன் சிரித்தேன் என்று உங்களுக்குத் தெரியும். பெண்பிள்ளைகளின் சொஃப்ட்போல் அணிக்கு நீங்கள் பயிற்சியாளர். நான் உங்கள் ஒலிபெருக்கி. ஒவ்வொரு பிள்ளையின் மணிக்கட்டுப் பட்டியிலும் ஒரு சிறு அட்டவணை. இருபத்துநான்கு என்றால் கடைசித் தளமான வீட்டுத்தளத்துக்கு ஓடு, தொட்டால் ஒரு ஓட்டம். நாற்பத்திரண்டு என்றால் இருக்கிற தளத்திலேயே நில். எதிரணிக்கு விளங்கக்கூடாதென்று இலக்கங்களைத் தமிழில் கத்தவைத்தீர்கள். அணியில் பாதி எங்கள் பிள்ளைகள்; மீதி ஜேர்மன் பிள்ளைகளும் இரண்டே கிழமையில் பாடமாக்கிவிட்டார்கள்.

"சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில ஏறாத தமிழ் இங்க ஏறுது, பாத்தீரே?" என்பீர்கள். கத்துகிற வேலை ஏன் எனக்கு என்று கேட்டால், "எனக்கு மூளை இருக்கு ஐசே, உமக்குத் தொண்டை இருக்கு."

பிறகு அந்தக் கடைசி ஆட்டம். ஒரு ஓட்டம் எடுத்தால் சமன். இன்னும் ஒருத்தி ஆட்டமிழந்தால் எல்லாம் முடிந்தது. மூன்றாம் தளத்தில் உங்கள் மகள். "நாப்பத்திரண்டு" என்று தொப்பிக்குள் முணுமுணுத்தீர்கள். என் ஞாபகசக்தி ஊரறிந்தது. உள்ளங்கையில் எழுதிப் பார்த்துத்தான் கத்துவேன். ஜேர்மன்காரர் நாற்பத்திரண்டை "இரண்டும் நாற்பதும்" என்றல்லவா சொல்வார்கள்? பொதிக் களஞ்சியத்தில் இருபது வருடம் அதைக் கேட்டு எழுதிய கை, முதலில் காதில் விழுவதை வலப்பக்கம் போடும். போட்டது. நாலு வலப்பக்கம், இரண்டு இடப்பக்கம்.

"இருபத்துநாலு!"

பிள்ளை ஓடினாள். பந்து அவளுக்கு முன்பே போய் வீட்டுத்தளத்தில் காத்திருந்தது; தோற்றோம்.

"ஏனப்பா ஓடச் சொன்னனீங்கள்?" முழங்காலெல்லாம் புழுதியோடு அழுதாள். நான் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். அந்தக் கை போன திசையை நீங்கள் பார்த்தீர்கள். "நான்தான் மாறிச் சொல்லிப்போட்டன், அம்மா" என்றீர்கள். ஒரு கிழமை அவள் உங்களோடு பேசவில்லை. அந்தக் கிழமையும் வெட்கமில்லாமல் உங்கள் வீட்டுக்கு வந்து இடியப்பம் சாப்பிட்டேன்.

பல வருடம் கழித்து, நீங்கள் படுத்திருந்த வைத்தியசாலையில்தான் வாய் திறந்தேன். தொண்டையில் குழாய், உங்களுக்குப் பேச முடியாது. அந்தத் துணிச்சல்தான்.

"அண்ணை, அண்டைக்குப் பிழை விட்டது நான்."

நீங்கள் நாலு விரலைக் காட்டினீர்கள். பிறகு இரண்டு. என் களஞ்சியமூளை உடனே இருபத்துநான்கு என்று வாசித்தது: வீட்டுக்கு ஓடு. நியாயமான கோபம் என்று ஜக்கெற்றை எடுத்தேன். நீங்கள் நெற்றியில் அடித்துக்கொண்டீர்கள். பிறகு கதிரையைத் தட்டி, மறுபடியும் மெதுவாக, நாலு, இரண்டு. தமிழில் வாசியும் ஐசே என்று கண் சொன்னது.

இருந்தேன். மகள் வேலை முடிந்து வரும்வரை இருந்து, அவளிடமும் சொன்னேன்.

"அப்ப நான் ஒரு கிழமை கோவிச்சது சும்மாவோ? மாமாவை ஏனப்பா காட்டிக்குடுக்கேல்ல?"

நீங்கள் என்னைச் சுட்டிக்காட்டி, உங்கள் தொண்டையைத் தொட்டீர்கள். பாவம், அவனிடம் அது மட்டும்தானே இருக்கிறது என்று அர்த்தம். அவள் சிரித்த சிரிப்புக்குத் தாதி ஓடி வந்தார். ஐந்தாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

இங்கே இப்போது என் இலக்கத்தை அழைத்தார்கள், இரண்டும் நாற்பதும் என்று. எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். எனக்கு எழும்ப மனம் வரவில்லை. நாற்பத்துமூன்றாம் ஆள் போகிறார். சீட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

நில் என்றால் நில்தானே, அண்ணை.